லிஸ்பனில் ஆடிய தலை

இணைய நிறுவனங்களின் உலக மாநாட்டில் இப்போதெல்லாம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையே உங்கள் தலையசைப்பைப் பார்த்து ஒப்பந்தத்தை முடித்துவிடும். நல்ல ஏற்பாடுதான், கரூர்க்காரர்களை உள்ளே விடாத வரை.

கரூரில் பரோட்டாக் கடை மாடியில் சின்னதாய் ஓர் இணைய இணைப்பு நிறுவனம் நடத்தும் சடையப்பன் அந்த மாநாட்டுக்காக லிஸ்பனுக்குப் போனார். நார்வேக்காரர் பேசியபோது மரியாதைக்குத் தலையாட்டினார். பிரேசில்காரர் பேசியதில் பாதி புரியவில்லை. அதனால் இன்னும் பலமாக ஆட்டினார். மதியச் சாப்பாட்டுக்குள் முந்நூறு நிறுவனங்களின் இணையப் போக்குவரத்தைத் தன் மாடி வழியாகக் கொண்டுபோக ஒப்புக்கொண்டிருந்தார்.

ஊரில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மனைவி பூங்கோதை போன் செய்தாள்.

"இங்க மெஷினெல்லாம் பொகையுதுங்க. எல்லாத்துக்கும் சரின்னுட்டீங்களா?"

"சரின்னு எங்க சொன்னேன்? பேசறாங்களேன்னு தலைய ஆட்டுனேன். கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம், அவ்வளவுதான்."

பூங்கோதை மெஷின் பேச்சை அப்படியே விட்டுவிட்டாள்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் நீங்க வாயத் தொறக்கலையே. தலையத்தான ஆட்டுனீங்க?"

காலையிலிருந்து ஓயாமல் ஆடிய தலை, ஆட வேண்டிய நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது.