மொழிபெயர்ப்பாளன் கொடுத்த வாக்கு

கைதட்டல் நிற்கவில்லை.

மேடையில் மொழிபெயர்க்க நின்ற இவன் ஒலிவாங்கியை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

பக்கத்தில் நின்ற ஜனாதிபதி வேட்பாளர் சிங்களத்தில் சொன்னது ஒரே ஒரு வசனம். "காணி விஷயத்தைப் பார்க்கிறேன்." அவ்வளவுதான். அதையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இவன் ஒலிவாங்கியில் தமிழில் சொன்னது வேறு.

"வருகிற தைப்பொங்கலை உங்கள் சொந்த வீட்டு வளவில் பொங்குவீர்கள். இது என் வாக்கு."

வாய் தவறி வந்துவிட்டது என்று சாட்டுச் சொல்ல முடியாது. காலையிலிருந்தே அந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது.

எல்லாம் நேற்று வந்த மற்ற வேட்பாளரால் வந்த வினை. இதே மைதானம், இதே மேடை. அந்த மனிதர் நாற்பது நிமிடம் பேசினார். சிங்களம் ஒரு சொல்லும் விளங்காத கிழவர்கள்கூட, மொழிபெயர்க்கும் முன்பே அழுதார்கள். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. ஆனால் ஆள் ஒரு பிரதேச சபையைக்கூட நடத்தியவர் அல்ல.

பக்கத்தில் நிற்பவரோ இருபத்திரண்டு வருடம் அமைச்சர். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று தெரிந்தவர். அடுத்த மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் காணியைச் சத்தமில்லாமல் விடுவித்துக் கொடுத்தார். அதைக்கூட மேடையில் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. பேசத் தொடங்கினால் மருந்துச் சீட்டு வாசிப்பது போல இருக்கும்.

காலையில் தேத்தண்ணிக் கடையில் ஊராரிடம் இவன் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தான்.

"வாயில்லாத மனுசன் எங்களுக்காகக் கொழும்பில போய் என்னத்தைக் கதைக்கப் போறார்?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டு எழும்பி வந்தான்.

தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். இந்த மனிதர் தோற்றால் காணி கிடைக்காது என்று இவன் உறுதியாக நம்பினான். அதனால்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லப் பார்த்தான். கறிக்கு ஒரு சிட்டிகை உப்புப் போடப் போய் டப்பாவே கவிழ்ந்துவிட்டது.

முன்னால் இருப்பவர்கள் யாரும் வேற்றாள் இல்லை. நாற்பத்தாறு குடும்பம். பதினைந்து வருடமாக, தங்கள் காணியைப் பிடித்து அமைத்த இராணுவ முகாமின் முள்வேலிக்கு வெளியே தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். இவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு இவன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறான். நாளைக்கும் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

இப்போது நம்பிவிட்டார்கள். ஐயோ, நம்பிவிட்டார்களே.

கைதட்டல் அடங்கும்போது தவமலர் எழும்பினாள். வேலிக்கு உள்ளே அவளுடைய வீடு இருக்கிறது. சண்டைக்குள் புருஷனைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு ஓடிவந்தவள் அவள்.

"சேர், அவர் உண்மையா அப்பிடித்தான் சொன்னவரோ? வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ!"



வேட்பாளர் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். இவன் பக்கம் சரிந்தார்.

"நான் என்ன சொன்னேன், தம்பி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பின்னால் இருந்த கட்சிக்காரர்களில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியும்.

சொல்லிவிட்டான். சிங்களத்தில், மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல்.

ஏசட்டும் என்று காத்திருந்தான்.

கடவுளே, ஏசட்டும். அப்படி நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சனத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிவிடலாம். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அவர் ஏசவில்லை.

கூட்டத்தைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த தவமலரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் தமக்கு யாரும் இப்படிக் கைதட்டியதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேசக் கொண்டுவந்த தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"சிங்கள எழுத்தில் எழுதித் தா. நானே சொல்கிறேன்."

தமிழ் தெரியாத பெரியவர்கள் மேடையில் தமிழ் பேசுவது அப்படித்தான். தமிழ்ச் சொல்லைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பார்த்து வாசித்துவிடுவார்கள். இவனே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். எல்லாம் வணக்கம், நன்றி என்ற அளவில்.

பேனாவை வாங்கினான். எழுதவில்லை.

"செய்ய முடியுமா, ஐயா?"

அவர் தாளைத் தட்டிக் காட்டினார். மறுபடி கேட்டான்.

"பொங்கலுக்குள் முடியுமா?"

"எழுத்தைப் பெரிதாகப் போடு" என்றார். "எனக்குப் பார்வை குறைவு."

எழுதினான்.

அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். வளவு என்ற சொல்லில் தடக்கினார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். தங்கள் மொழியில் அந்தப் பெரிய மனிதர் தடக்கியதைக் கண்டு சனம் இன்னும் உருகியது. வாக்கு என்ற சொல் வந்தபோது விசில் பறந்தது.

தவமலர் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மேடையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவரை அல்ல, இவனை.

இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வேட்பாளர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். படியிறங்கும்போது இவன் தோளில் கை போட்டார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"வா, என் வாகனத்திலேயே ஏறு. அடுத்த ஊர்க்காரர்களுக்கு என்ன வேண்டும்?"