ஒரு பிரேம், ரெண்டு கலியாணம்

"களவு! பச்சைக் களவு!"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹாஜறா உள்ளே வந்த வேகத்தில், ஸ்டூடியோக்காரர் முர்ஷித் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ன ராத்தா? முதல்ல இருங்க."

"இருக்க வரல்ல. இதப் பாருங்க."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கலியாண அழைப்பு. மாப்பிள்ளையும் பொண்ணும் கைக்குழந்தைகளாக இருந்தபோது எடுத்த இரண்டு படங்கள் நடுவில். சுற்றிவர ஓர் அழகான பிரேம். ஒரு பக்கம் பொன்னிற நெற்கதிர், மறுபக்கம் நீல அலையில் மிதக்கும் தோணிகள்.

"என்ட மகள் றஸ்னாட கலியாணத்துக்கு நீங்க தந்த பிரேம் இது. ரெண்டு மாசம் ஆகல்ல. அதுக்குள்ள ஆரோ ஒருத்திர படத்தை வெச்சிருக்கீங்க!"

முர்ஷித் தலையைச் சொறிந்தார்.

"ராத்தா, கம்பியூட்டர்ல பிரேம் செய்யிற எண்டா நடுவுல வெட்டித் திறந்துதான் வைக்கிற. அடியில எந்தப் படத்தையும் மாத்தி மாத்தி வைக்கலாம். நூறு தரம் பாவிச்சாலும் தேயாது..."

"எனக்கு அந்தப் பாடமெல்லாம் வேணாம். இப்பிடி ஒரு பிரேம் வேற எங்கயும் இல்லையெண்டு கல்முனைக்குடி முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். இப்ப ஊரே சிரிக்கிது. மகள் காலையில இருந்து அழுகிறாள்."

மூலையில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பெண்பிள்ளை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஹாஜறாவின் கோபம் அந்தப் பக்கம் பாய்ந்தது.

"நீதானே புள்ள இந்தக் கதிர், தோணியெல்லாம் கீறின?"

"ஓம் மாமி."

"நல்லாக் கீறத் தெரியிது. மறுகா ஏன் ஒருத்திக்குக் குடுத்ததத் தூக்கி இன்னொருத்திக்குக் குடுக்கிற? அந்தப் பொண்ணுக்குப் புதுசா ஒண்டு செய்யக் கை வலிக்கிதோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழமை கலியாணமாம். மண்டப வாசல்ல இந்த பிரேமத்தான் பெரிசா அடிச்சு வைப்பாங்க. நம்மட ஆக்களும் போவாங்க. எங்க கொண்டு போய் முகத்த வைக்கிற? இப்பவே மாத்தணும்!"

"சரி மாமி. அழாம இருக்கச் சொல்லுங்க றஸ்னாவ. மாத்திருவம்."

அவள் மவுசைப் பிடித்தாள். திரையில் அந்த பிரேம் பெரிதாகத் திறந்தது. நெற்கதிர் முழுவதும் ஒரே சொடுக்கில் மறைந்தது. அடுத்ததாகத் தோணிகளுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போனது.

"மாத்தாத புள்ள!"

முர்ஷித் போட்ட சத்தத்தில் ஹாஜறாவே திடுக்கிட்டாள். இந்த மனிசன் சத்தம் போட்டு அவள் கேட்டதேயில்லை.

"காக்கா, விடுங்க. சின்ன வேலைதானே," என்றாள் அந்தப் பிள்ளை.

"நீ சும்மா இரு. ராத்தா, அந்தக் கார்ட்டுல பொண்ணுர பேர வாசிச்சீங்களா?"

பேரை யார் வாசித்தது? பிரேமைக் கண்டதோடு ஹாஜறாவுக்குக் கண் இருண்டுவிட்டது. இப்போது போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "நிப்றாஸ்... உம்மு ஹபீபா. ஆரு இவங்க?"

"நிப்றாஸ் ஒலுவில் பொடியன். சொந்தமா ரெண்டு தோணி. உம்முட வாப்பாக்கு வயல். அதுதான் ஒரு பக்கம் கதிர், ஒரு பக்கம் தோணி. துணிக்கடை வெச்சிருக்கிற ஒங்கட வீட்டுக்குத் தோணி எதுக்கு ராத்தா?"

ஹாஜறா போனில் இருந்த தோணிகளை மறுபடி பார்த்தாள்.

"அண்டைக்கு நான் காட்டின பிரேம் ஒண்டும் ஒங்கட மகளுக்குப் புடிக்கல்ல. இந்தக் கம்பியூட்டர்ல இருந்ததக் கண்டு, இதுதான் வேணுமெண்டு ஒத்தக் கால்ல நிண்டது ஆரு? இது வேற ஆளுக்கு எண்டு நான் சொன்னன்தானே?"

சொன்னார்தான். 'அந்த ஆளுக்கு வேற ஒண்டச் செஞ்சு குடுங்க' என்று வெட்டி முடித்ததும் ஹாஜறாதான். எல்லாம் ஞாபகம் வந்தது.

"நான் ஏலாதெண்டுதான் சொல்ல வந்தன். இவள்தான் விடல்ல. 'குடுங்க காக்கா, கலியாணப் பொண்ணு ஆசைப்படுறா. குடுத்தாலும் என்ட பிரேம் என்னட்ட இருக்கும்தானே' எண்டாள். ஒரு மாசமா வேலை முடிய இருந்து, தன்ட கலியாணத்துக்கெண்டு கீறினத்த!"

ஹாஜறா மெதுவாகத் திரும்பினாள்.

"புள்ள... உன்ட பேரென்ன?"

"உம்மு ஹபீபா, மாமி."

"யா அல்லாஹ்!"

அவ்வளவுதான். ஹாஜறா போய் அந்தப் பிள்ளையின் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்தக் கதிரத் திருப்பிக் கொண்டு வா, கிளி. ஒண்டும் குறையக் கூடாது. வெள்ளிக்கிழமை வாசல்ல ஆளுயரத்துக்கு நிக்கணும். நான் ஊரையே கூட்டிக்கிட்டு வாறன் பாக்க!"

உம்மு சிரித்துக்கொண்டே சொடுக்கினாள். ஒரு கதிர் மிச்சமில்லாமல் எல்லாம் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து ஹாஜறாவின் போன் அடித்தது. றஸ்னா.

"உம்மா, என்ட பிரேமைக் களவெடுத்த ஆக்களப் புடிச்சீங்களா?"

"புடிச்சிட்டன் மகள்," என்றாள் ஹாஜறா. "நாமதான்."