இப்ஹாமின் இரண்டு மீன்கள்

"பர்ஹா, உண்மையச் சொல்லுங்கோ. இந்த மீன் ஆர் செய்தது?"

தாரிகா டீச்சர் கேட்ட தொனியில், கயிறு கட்டிக்கொண்டிருந்த மற்ற அம்மாமார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டுக் கராஜில் நடக்கும் பாலர் வகுப்பு. இன்றைக்குப் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி.

கடைக்குப் போய் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்பது டீச்சரின் கொள்கை. பிஸ்கட் பெட்டி அட்டையில் மீன். பழைய பேப்பரை மஞ்சளிலும் பீட்ரூட் சாற்றிலும் தோய்த்துக் காயவைத்து, விரலால் கிழித்து, கோதுமை மாப் பசையால் ஒட்டினால் செதில். சோடா மூடி கண். கத்தரிக்கோலுக்கு இடமே கிடையாது.

இன்னொரு கொள்கையும் உண்டு. பிள்ளையின் கை மட்டும்தான். பெரிய ஆக்கள் கை வைத்த மீன் கயிற்றில் ஏறாது.

இப்ஹாமின் பையிலிருந்து மட்டும் இரண்டு மீன்கள் வந்திருந்தன. ஒன்றில் செதில்கள் அழகாக வரிசைக்கு நின்றன. மற்றது பார்க்கவே பாவமாக இருந்தது. செதிலெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, பசை வழிந்து, கண் வயிற்றுப் பக்கம் போய் ஒட்டியிருந்தது.

"ரெண்டும் ஊட்டுல செஞ்சதுதான் டீச்சர்," என்றாள் பர்ஹா. "ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில போடுங்களேன். ஒராள் பாக்க வாராங்க. எவ்வளவு ஆசயா வாராங்க தெரியுமா?"

சொல்லிவிட்டு கேற்றைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தாரிகாவுக்கு இந்த 'ரெண்டு' விஷயத்தில் ஏற்கெனவே எரிச்சல். வகுப்புத் தொடங்கின புதிதில், "பேப்பர் கிழிக்கக் கிழிக்க விரலுக்குப் பலம் வரும்" என்று அவள் விளக்கியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். பர்ஹா மட்டும் பின்னால் வந்து நின்றாள்.

"மெய்யா டீச்சர்? விரலுக்குப் பலம் வருமா?"

"ஓம், கட்டாயம் வரும்."

"அப்ப எனக்கு இன்னொரு செட் தாங்களேன்."

அன்றிலிருந்து எல்லாமே இரண்டு. பிசைகிற மாவுருண்டை இரண்டு, அட்டை இரண்டு. வீட்டில் இருப்பதோ ஒரே பிள்ளை. இப்போதல்லவா விளங்குகிறது! பிள்ளைக்கு ஒன்று, ஆட்களுக்குப் படம் காட்ட ஒன்று.

"எத்தின தரம் சொன்னனான் பர்ஹா?" டீச்சர் வரிசை மீனைக் கையில் எடுத்தாள். "இந்த வடிவுக்குச் செய்யிற வயசா இப்ஹாமுக்கு? நீங்கள் செய்து குடுத்தால் பிள்ளை என்ன பழகும்?"

"நான் தொடவே இல்ல டீச்சர்."

"அப்ப ஆர் தொட்டது?"

பர்ஹா வாயைத் திறந்தாள். மறுபடி கேற்றைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா!" என்று அம்மாமாரில் ஒருத்தியான மேனுகாவின் காதில் யாரோ சொன்னார்கள். மேனுகா சிரித்தாள்.

வரிசை மீன் மேசைக்குக் கீழே போயிற்று. குவியல் மீனை டீச்சர் எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"இதப் பாருங்கோ! இதுதான் உண்மையான மீன். மூண்டு வயசுக் கை எண்டு பாத்த உடனேயே தெரியுதல்லோ? என்ன கஷ்டப்பட்டு ஒட்டியிருக்கு குஞ்சு! கை தட்டுங்கோ எல்லாரும்."

எல்லாரும் தட்டினார்கள். மீன் கயிற்றில் ஏறியது.

இப்ஹாம் தட்டவில்லை. மேசைக்குக் கீழே புகுந்து, வரிசை மீனை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"இது என்ட மீன்! நான் செஞ்ச மீன்!"

"இல்லையடா குஞ்சு. உங்கட மீன் அங்க தொங்குது பாருங்கோ."

"அது என்ட இல்ல. அது வாப்பாட!"

கைதட்டல் அப்படியே நின்றது.

"இவன்ட வாப்பாக்கு பாரிசவாதம் வந்திச்சி டீச்சர்," என்றாள் பர்ஹா. இனி மறைத்து என்ன? "சோத்துக் கை விழுந்து போச்சி. ஒருத்தர்ட்டயும் சொல்லாத எண்டாங்க. நீங்க சொன்ன மாதிரித்தான் மகனோட உக்காந்து கிழிக்காங்க, பிசைறாங்க. மகன்தான் அவருக்கு டீச்சர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போன பெருநாளைக்கு எல்லாரும் ஒரு சஹன் தட்டைச் சுத்தி உக்காந்து கையால சாப்பிடக்குள்ள, இவங்க மட்டும் அறைக்குள்ள கதவச் சாத்திட்டு, கரண்டியோட. வாற பெருநாளைக்காவது மகன்ட பக்கத்தில உக்காந்து சோத்துக் கையால ஒரு பிடி அள்ளித் தின்னோணும். வேற ஒரு ஆசையும் இல்ல டீச்சர், அவங்களுக்கும் எனக்கும்."

தாரிகா கேற்றைப் பார்த்தாள். ஓட்டோவிலிருந்து இறங்கின பர்ஹாவின் கணவர் ஷிராஸ், தூணைப் பிடித்தபடி அங்கே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. கைதட்டலுக்கு முன்னமே வந்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

டீச்சர் இப்ஹாமிடம் குனிந்து மீனைக் கேட்டு வாங்கி, மற்றதன் பக்கத்தில் கிளிப் போட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். "மூண்டு வயசுக் கை எண்டு... நான்... தெரியாமல்..."

ஷிராஸ் சிரித்தார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"நீங்க சொன்னது பெரிய சந்தோஷம் டீச்சர். போன மாசம் இது ஒரு வயசுக் கையா இருந்திச்சி."