பச்சைத் தண்ணீர்

மலையுச்சியில் ஓர் ஆறு சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து மறைகிறது. அடிவாரக் குகையிலிருந்து ஓர் ஆறு வெளியே வருகிறது. இரண்டும் ஒன்றுதானா என்று கண்டுபிடிக்க, மேலே தம்பி பச்சைச் சாயம் ஊற்ற வேண்டும், கீழே அக்கா பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் மலைக்குள் ஊர் சுற்றிவிட்டு வர எப்படியும் இரண்டு நாள் ஆகும். சாயம் கலக்காத தண்ணீரை ஒரு பாட்டில் பிடித்து வைப்பதுதான் இன்று அவளுக்கு வேலை.

பாட்டிலை முக்கி எடுத்தாள். தண்ணீர் பச்சையாக இருந்தது.

போனில் தம்பியைக் கூப்பிட்டாள். "அவசரக்குடுக்கை, முந்தாநாளே வந்து ஊத்திட்டியாடா?"

"இன்னும் மூடியே திறக்கலக்கா. இப்பதான் விளிம்புக்கு வந்தேன். பாறை வழுக்குது."

குகைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட் மிதந்து வந்து அவள் காலில் முட்டி நின்றது. அறுந்துபோன அதன் வாரைக் காலையில் அவள்தான் திட்டிக்கொண்டே சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். தையல் பிரியவில்லை. நூல் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"ஹெல்மெட் எங்கடா?"

"தலையிலதான். உன் தையல் தாடையை அறுக்குது."

"ஊத்தாத. அப்படியே பின்னால வந்துடு."

"ஒண்ணும் கேக்கலக்கா, ஒரே இரைச்சல். இரு, ஊத்திட்டுப் பேசறேன்."

அவன் போனைப் பாறைமேல் வைத்தது கேட்டது. அதன்பிறகு காதில் தண்ணீரின் இரைச்சல் மட்டும் இருந்தது. காலடியிலும் அதே இரைச்சல்தான். சந்தேகமேயில்லை, இரண்டும் ஒரே ஆறு.