சரி பண்ணிய வில்லை

செம்பு வில்லை என் உள்ளங்கையில் தட்டையாகக் கிடந்தது.

நேற்று அது கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

“எவன் இதுல கை வெச்சான்?” கத்தியேவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் லேத் நின்றது.

லட்சுமணன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். லாலாகூடா ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம். ரிட்டயர் ஆனபின் எங்கள் லேபில் கான்ட்ராக்ட்.

“நான்தான் பாப்பா. செம்பைச் சும்மா தட்டினா விரிசல் விடும். சிவக்கச் சுட்டுத்தான் தட்டினேன். அடி வாங்கினதே தெரியாது, பாரு.”

தெரியாதுதான். ஐயோ, அதனால்தானே என் குடி முழுகியது!

அழுத்திய வாயுவால் குண்டைச் செலுத்தும் கேஸ் கன்னால் அதை அடித்து, தெறித்து வந்ததைக் கந்தல் மூட்டைக்குள் பத்திரமாகப் பிடித்திருந்தோம். உலோகம் வளையும்போது உள்ளே டிஸ்லொகேஷன்கள், அதாவது அணு வரிசையில் இருக்கும் பிசகுகள், நகரும், ஜமுக்காளத்தில் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. மெல்ல அடித்தால் நகர நேரம் கிடைக்கும். கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்குள் அடித்தால் நேரமே இருக்காது. பெருகி, ஒன்றோடொன்று சிக்கி நின்றுவிடும். அந்தச் சிக்கலைத்தான் நான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

சிவக்கச் சுட்டால் அத்தனையும் கலைந்துபோகும்.

மூன்று வருஷத்தில் உருப்படியாகக் கிடைத்தது இந்த ஒன்றுதான். கன் பழுதாகிக் கிடக்கிறது. முப்பதாம் தேதியோடு ஃபெல்லோஷிப் முடிகிறது. இது இல்லாமல் தீசிஸ் இல்லை.

“யாரைக் கேட்டுண்ணே செஞ்சீங்க? என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!”

அவர் பதறிப்போய் சட்டைப் பையைத் துழாவினார். “ஹவ், ஆமா பாப்பா... நீதானே எழுதிக் குடுத்தே?”

அவர் எடுத்து நீட்டிய சீட்டை வாங்கினேன். மற்றவர்கள் இங்கிலீஷில் எழுதுவார்கள். இந்தத் தெலுங்கு ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்; எழுத்துக் கூட்டியாவது தமிழ் படிக்கக் கிடைக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம். அதனால் நான் மட்டும் தமிழில் எழுதுவேன்.

‘அண்ணே, இதைச் சரி பண்ணி வைங்க.’

என் கையெழுத்துதான். அளவு சரி பார்த்து வைக்கச் சொல்லி எழுத வேண்டியவள். நேற்று அதை எழுதும்போது வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். யாரிடமும் சொல்லாமல் கச்சிபௌலிக்கு, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே முதல் கேள்வி, ரிசர்ச் முடிந்துவிட்டதா என்பது.

முடிஞ்சிடுச்சு சார் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.