தேடுபவர் முதலில் தேடப்படுவார்

சிறைப் பதிவேட்டு அலுவலகத்தின் மூன்றாம் எண் கவுன்ட்டரில் லிஃப்ட் மெக்கானிக் நீட்டிய படிவத்தைக் குமாஸ்தா வாங்கினார். படிக்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பேனாவால் காட்டினார்.

'தேடுபவர் முதலில் தேடப்படுவார்.'

எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ! முன்பொரு காலத்தில் தப்பி ஓடிய கைதி ஒருவன் இதே கவுன்ட்டருக்கு வந்து, தான் இன்னும் உள்ளேதான் இருப்பதாகப் பதிவில் இருக்கிறதா என்று சாவகாசமாக விசாரித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனானாம். அன்றிலிருந்து யார் யாரைத் தேட வந்தாலும் முதலில் வந்தவரைத் தேடிவிட்டுத்தான் மறுவேலை.

மெக்கானிக் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அவர் தேட வந்தது மகள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லும் பையனை. ஒரு மாதமாக வீட்டில் ஒரே ரகளை. ஜெயில் பதிவேட்டில் அவன் பெயர் அரை வரி இருந்தால்கூட இந்தக் கல்யாணம் கிடையாது என்று ஒற்றைக் காலில் நின்றவர் இவர்தான். வெள்ளிக்கிழமை பையன் வீட்டாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல பதிலோ கெட்ட பதிலோ, கூடவே வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று மனைவி கிளம்பி வந்து, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறடி தூரம் இருக்கும். அவளுக்கோ பாம்புச் செவி.

"சார், பையனை மட்டும் பார்த்தாப் போதும். நான் சும்மா அப்பாதான்."

"சும்மா இருக்கிறவங்களைத்தான் சார் முதல்ல பாக்கணும்" என்ற குமாஸ்தா, மெக்கானிக்கின் பெயரை ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

அந்த விரல் ஒவ்வோர் எழுத்தையும் ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடித்தது.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு எட்டு மாதம் ஜெயில். கட்டட வேலையில் செம்புக் கம்பியைச் சுருட்டி விற்ற கூட்டத்தில் இவரும் ஒருவர். வெளியே வந்த ஆறாவது மாதம் மனைவியை முதன்முதலில் பார்த்தார். நடுவில் எட்டு மாதம் வேலையில் இல்லையே, எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்டபோது, வாய்க்கு வந்தது கப்பல்.

கப்பல் என்றால் சும்மாவா? அதில் ஒரு கேப்டன், கேப்டனுக்கு ஓர் ஆடு, ஆட்டுக்குத் தனி அறை, மூன்று நாள் புயல். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியிராத மனிதர் இருபத்தேழு வருடமாக விட்ட கதை இது. விருந்தாளிகள் வந்தால் மனைவியே எடுத்துக் கொடுப்பாள். 'அந்தப் புயலைச் சொல்லுங்களேன்' என்பாள். மூன்று நாள் என்று இவர் ஆரம்பித்தால், போன தடவை நான்கு நாள் என்றீர்களே என்று திருத்துவாள்.

பிரிண்டர் கிறீச்சிட்டது.

குமாஸ்தா தாளைக் கிழித்தார். விதிப்படி உரக்க வாசிக்க வேண்டுமாம். தொண்டையைச் செருமினார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மெதுவா. பின்னால வீட்டுக்காரி இருக்கா."

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கல்யாணமான மனிதராகத்தான் இருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தி ரகசியம் போல வாசித்து முடித்தார். திருட்டு, எட்டு மாதம், நன்னடத்தை திருப்தி. அந்த நன்னடத்தையை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்று மெக்கானிக்குக்கு ஓர் ஆசை வந்து போனது. வெட்கக்கேடு!

"தப்பி ஓடல, முழுசா இருந்துட்டுத்தான் வந்திருக்கீங்க. அப்போ நீங்க தேடலாம்" என்று குமாஸ்தா ஒரு முத்திரை குத்தினார். பிறகு தாளைத் திருப்பிப் போட்டார். "பின்பக்கமும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. உங்க ரெக்கார்டை யார் யார் வந்து பாத்தாங்கன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

அப்படியோர் உரிமை தனக்கு இருப்பதே மெக்கானிக்குக்குத் தெரியாது.

பின்பக்கம் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பழைய பேரேட்டிலிருந்து அப்படியே படமெடுத்து ஏற்றியிருந்தார்கள். அவருடைய கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடும் கையெழுத்து. அவருடைய மாத்திரை டப்பாக்களில் காலை, இரவு என்று எழுதியிருக்கும் அதே கையெழுத்து.

பெயரைப் பார்த்தார். அப்போது மனைவியின் பெயரோடு அவளுடைய அப்பா பெயர்தான் ஒட்டியிருந்தது.

காதெல்லாம் சூடாகிவிட்டது மனிதருக்கு. இருபத்தேழு வருடம்! அந்த ஆட்டுக்கு என்ன பெயர் என்றுகூடக் கேட்டாளே பாவி. இவரும் யோசித்து யோசித்து ஒரு பெயர் வைத்தாரே.

"சரி, இப்ப பையனைத் தேடிரலாமா?" குமாஸ்தாவின் ஒற்றை விரல் தயாராக அந்தரத்தில் நின்றது.

மெக்கானிக் கவுன்ட்டர் கம்பிக்குள் கைவிட்டுப் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தேடாமல் திருப்பிக் கொடுப்பதற்குத் தனிப் படிவம் நிரப்ப வேண்டும் என்று குமாஸ்தா கத்தினார். அது அவர் காதில் விழவில்லை.

"என்னங்க, பையன் மேல ஏதாவது இருக்குதா?" பெஞ்சிலிருந்து மனைவி கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளின் பின்பக்கத்தில் அந்த வரியின் மிச்சக் கட்டங்களைப் படித்தார்.

தேடும் காரணம் என்ற கட்டத்தில், 'இவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

பதிவைப் பார்த்த பிறகு நிரப்ப வேண்டியது என்ற கட்டத்திலும் அதையேதான் எழுதியிருந்தாள்.