புழுவுக்கு வைத்த பிடி

இப்போதெல்லாம் பெற்றவனை விட்டுவிட்டுப் புழுவைத்தான் நலம் விசாரிக்கிறார்கள். மகள் செண்பகம் வெளியூர் போனதிலிருந்து, போனில் அவள் முதலில் கேட்பதே காய்கறிக் கழிவை உரமாக்கப் பால்கனியில் வைத்துவிட்டுப்போன மண்புழுத் தொட்டியைப் பற்றித்தான். இன்று மாசிலாமணி திறந்து பார்த்தால், புழுக்களெல்லாம் மேலேறி மூடியில் அப்பிக்கொண்டிருந்தன. இவை செத்தால் அந்தப் போனும் நின்றுவிடும் என்று பயந்து அவரே கூப்பிட்டார்.

"என்னப்பா போட்டீங்க?"

"சோறுதான். புறா வராம இருக்க பால்கனிக்கு வலை அடிச்சதுலேர்ந்து காக்காவும் வர்றதில்ல. அதுக்கு வைக்கிற பிடியை இதுக்கு வெச்சேன். வத்தக்குழம்பு ஊத்தி நல்லாப் பிசைஞ்சு."

"அதுக்கு உப்பு, காரம் ஆகாதுப்பா. சோத்தை அள்ளி வெளியே கொட்டிட்டுத் தேங்காய்நாரை நனைச்சுப் போடுங்க. கொஞ்ச நேரம் திறந்தே வையுங்க, வெளிச்சம் பட்டா கீழே இறங்கிடும்."

"நான் தினமும் அதைத்தானே திங்கிறேன்? எனக்கென்ன ஆச்சு?"

"தினமும் அதேதானாப்பா? ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"புழுவைப் பார்க்கவா?"

"உங்களைப் பார்க்கத்தான்."

நாரைப் போட்டதும் புழுக்கள் ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தன. என்னைப் பார்க்கத்தான் வருவதாக வாயால் சொல்வதற்கென்ன, யாரும் சொல்லலாம் என்று முனகிக்கொண்டே அவர் உள்ளே போனார்.